படுத்திருக்கவரு மூஞ்சியில பிளாஷ் அடிக்கலாமா மக்கா?

என்ன மக்கா, லீவுக்குத் திருவந்திரம் போனியாமே? பத்மநாபசாமி கோயிலை ராத்திரியில பாத்தியாமே? போட்டோ எல்லாம் பாத்தேன். ஏழு நெலைக் கோபுரம் வெளக்கு வெளிச்சத்துல சொலிக்கி. பத்மதீர்த்தக் குளத்துத் தண்ணிக்குள்ள அதே கோபுரம் தலைகீழா சொலிக்கி. நடுவுல நீ பல்லைக் காட்டிக்கிட்டு நிக்கே. நல்லாத்தான் இருக்கு. ஒண்ணே ஒண்ணு கேக்கேன், கோவிச்சுக்கிடாதே. சாமியைப் பாத்தியா?

நடை அடைச்சிட்டாவளாக்கும்? அடைக்காம என்ன செய்வாவ? எட்டு மணிக்கு மேல ஆடி அசைஞ்சு போனா, ஒனக்காகத் தொறந்து வச்சிருப்பாவளா? எதிர்த்தாப்புலதானே மேத்தன் மணிக் கடியாரம் இருக்கு. மணிக்கு மணி ரெண்டு ஆட்டுக்கடா வந்து அதுல உள்ள தாடிக்காரன் கன்னத்துல முட்டுத மாதிரி செஞ்சு வச்சிருக்கு. கையில கெட்டின வாச்சு ஒறைக்கலன்னா அதைப் பாத்தாவது ஒறைக்க வேண்டாமா?

அங்க இருக்கது பள்ளிகொண்ட சாமி, லேய். அவரு வாசல்ல போயி, அவருக்கே முதுகைக் காட்டி நின்னு, ராத்திரி நேரத்துல பளிச் பளிச்சுன்னு வெளக்கடிச்சிட்டு வந்திருக்கே. ஒங்க அப்பன் ஒறங்கும்போது இதைச் செஞ்சு பாரு, தெரியும் சேதி.

சரி, நடை தொறந்திருக்கப்ப ஏன் போவல? சட்டையைக் கழத்தணும், வேட்டி கெட்டணும், கூச்சமா இருக்குங்கே. கோவா கடல்ல அரை டவுசரோட நின்ன படத்தை ஊரு பூரா காட்டுனவன் நீதானே? அங்க வராத கூச்சம் கோயில்ல எங்கேருந்து மக்கா வந்துது? எனக்குத் தெரியும் காரியம். போனை உள்ளே கொண்டு போவ விடமாட்டாவ. படம் இல்லாம பாத்தா பாத்த கணக்குல சேராதுல்லா ஒங்களுக்கு!

உள்ளே போயிருந்தாலும் அவரு ஒன் படத்துக்குள்ள அடங்க மாட்டாரு. பதினெட்டு அடி. 12,008 சாளக்கிராமம் வச்சு, கடுசர்க்கரைக் கூட்டுல செஞ்ச திருமேனின்னு சொல்லுவாவ. ஒரே பார்வையில பாக்க ஏலாது, மூணு வாசல். முதல் வாசல்ல முகம், தொங்கப் போட்ட கைக்கு அடியில சிவலிங்கம். நடு வாசல்ல நாபித் தாமரை, அதுல பிரம்மா. மூணாவதுல பாதம். எண்ணெய் வெளக்கு வெளிச்சம்தான்; கண்ணு பழகுததுக்குள்ள பின்னால நிக்கவன் தள்ளிருவான். அந்தக் கொஞ்ச நேரத்துல பாத்ததுதான் பாத்தது.

நீ வந்து கேட்டது என்ன? பி நிலவறையில எவ்வளவு தங்கம் இருக்குன்னு! 2011-ல மத்த நிலவறையைத் தொறந்தாலும் தொறந்தாவ, போறவன் வாறவன் எல்லாத்துக்கும் இதே கேள்விதான். லாட்ஜு வாடகைக்கு அம்மைகிட்ட கை நீட்டுனவன் நீ. அங்க எத்தனை கோடி இருந்தா ஒனக்கென்ன? 1750-ல மார்த்தாண்ட வர்மா நாட்டையே பத்மநாபனுக்கு எழுதிக் குடுத்துட்டு, நான் வெறும் தாசன்னு நின்னாரு. நீ கணக்குப் பாக்கப் போயிருக்கே.

ராத்திரி வெளிச்சம்தான் பாக்கணும்னா லட்சதீபம் பாருலே. ஆறு வருசத்துக்கு ஒருக்க, 56 நாள் முறைஜபம் முடிஞ்சு, மகர சங்கராந்தி ராத்திரி ஏத்துவாவ. 2020 சனவரியில ஏத்துனாவ, நீயே கூட்டிப் பாத்துக்கோ. இப்ப அதுலயும் கரண்டு பல்பு கலந்துட்டு. அது போவட்டு.

ரயிலுல சீட்டு கிடைக்கல, இடுப்பு ஒடிஞ்சு போச்சுன்னு பொலம்புன பாரு, அதுதான் எனக்குச் சிரிப்பு. நவராத்திரிக்கு நம்ம பத்மநாபபுரத்துச் சரசுவதியும், வேளிமலை முருகனும், சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் குழித்துறையில ஒரு ராத்திரி, நெய்யாற்றங்கரையில ஒரு ராத்திரி தங்கி, மூணாம் நாளுதான் திருவந்திரம் சேருவாவ. கூடப் போற சனம் நடந்தேதான் போவும். நவராத்திரி மண்டபத்துல ராத்திரிக் கச்சேரி. எவ்வளவு பிரமாதமா பாடுனாலும் கைதட்டப்பிடாது. ஒன்னால முடியுமா?

அடுத்த லீவுக்குப் போனா, சாயங்காலம் நடை தொறக்கதுக்கு முந்தியே போயி வரிசையில நில்லு. போனை லாட்ஜுலயே போட்டுட்டுப் போ. வேட்டியை மட்டும் வீட்டுலேருந்து கொண்டு போ மக்கா. கெட்டவும் இங்கேயே படிச்சிட்டுப் போ. சாமி முன்னால அவுந்து விழுந்தா தூக்கிக் கெட்ட நான் அங்க இருக்க மாட்டேன்.