குண்டு விழுந்த இடம் வேறு, பட்டா வேறு

1690-இல் கிழக்கிந்தியக் கம்பெனி கடலூர் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராட்டியரிடம் விலைக்கு வாங்கியது. பீரங்கிக் குண்டு எதுவரை போய் விழுகிறதோ, அதுவரை உள்ள நிலமும் சேர்த்தி என்று பேச்சு. மெட்ராஸ் கவர்னர் எலிஹு யேல் விடுவாரா? நல்ல பீரங்கியாகப் பார்த்து அனுப்பிவைத்தார். குண்டு உப்பலவாடி இன்றும் அந்தப் பெயரோடுதான் இருக்கிறது.

இயற்பியலாளர் இ.சி.ஜி. சுதர்சன் கோட்டயத்துக்காரர், தாம்பரம் கிறித்தவக் கல்லூரியில் படித்தவர். குண்டு போடுவதில் யேலையே தூக்கிச் சாப்பிடுவார். பட்டா வாங்கத்தான் வராது.

1957-இல், அணுக்கருவின் பீட்டா சிதைவுக்குக் காரணமான மென்விசையின் இலக்கணத்தை ஆசிரியர் மார்ஷக்குடன் சேர்ந்து கண்டுபிடித்தார். மாணவர் என்பதால் ராசெஸ்டர் மாநாட்டில் பேச வாய்ப்பில்லை. ஜூலையில் கலிபோர்னியாவில் இயற்பியலாளர் கெல்மனோடு மதியச் சாப்பாடு; சாப்பிட்டுக்கொண்டே எல்லாவற்றையும் சொல்லியாயிற்று. ஃபைன்மனும் கெல்மனும் தங்கள் வழியில் அதே முடிவுக்கு வந்து 1958 ஜனவரியில் ஆய்விதழில் அச்சேற்றிவிட்டார்கள். இவர்களுடையதோ இத்தாலி மாநாட்டு மலரில். மாநாட்டு மலர் எப்போது அச்சாகிவரும் என்று நமக்கா தெரியாது?

1963-இல் ஒளியின் குவாண்டம் கணக்கு. சூத்திரத்துக்கு கிளாபர்-சுதர்சன் என்று கூட்டுப் பட்டா. 2005 நோபலில் கிளாபர் பெயர் மட்டும். சுதர்சன் காரமாகவே ஒரு கடிதம் எழுதினார்.

இதைவிட வயிற்றெரிச்சல் 1961. குவாண்டம் அமைப்பொன்று வெளியுலகத்தோடு உரசும்போது எப்படியெல்லாம் மாறலாம் என்று பி.எம். மேத்யூஸ், ஜெயசீதா ராவ் இருவரோடும் எழுதினார். (எம்.எஸ்ஸி. இயற்பியல்காரர்களைப் பரீட்சைக்கு முந்தின இரவு அழவைத்த பாடப்புத்தகத்தின் அதே மேத்யூஸ்தான்.) இன்றைக்குக் குவாண்டம் தகவலியல் வகுப்பில் அரிச்சுவடியே அதுதான். அரிச்சுவடியில் இருக்கும் பெயரோ பத்து வருஷம் கழித்து வந்த க்ராவுஸுடையது. 1976-இல் இன்னும் இருவரோடு சேர்ந்து ஒரு சமன்பாடு எழுதினார். அதே வருஷம் லிண்ட்பிளாடும் எழுதினார். நாலு பெயரைச் சொல்ல வாய் வலிக்கும் என்று உலகம் லிண்ட்பிளாடை மட்டும் வைத்துக்கொண்டது.

சிதம்பரத்தில் திரையை விலக்கினால் தங்க வில்வமாலை தொங்கும். எத்தனை முறை விலக்கினாலும் அதே மாலைதான். 1977-இல் சுதர்சனும் பைத்யநாத் மிஸ்ராவும் சொன்னதும் ஏறக்குறைய அந்த ரகசியம்தான்: இடைவிடாமல் பார்த்துக்கொண்டே இருந்தால், சிதைய வேண்டிய துகளும் சிதையாது. 1990-இல் அமெரிக்காவில் பெரிலியம் அயனிகளை வைத்து அதன் ஒரு வடிவத்தைச் செய்தும் காட்டினார்கள். வில்லங்கமே இல்லாத மனை. மனுஷன் இதையாவது தன் பெயரில் பதிந்தாரா? செத்து 2,400 வருஷமான ஜீனோ என்கிற கிரேக்கருக்குத் தானப் பத்திரம் எழுதிவைத்தார்.