கொம்புக் கிடார்க்காரர்

கடைக்குள் நுழைந்ததும் அவர் முதலில் தேடுவது நிலைக்கண்ணாடியை.

வாத்தியக் கடைகளில் நிலைக்கண்ணாடி வைப்பதில்லை. அது ஜவுளிக்கடைச் சமாசாரம். ஆகவே நம்மவர் செல்போனைக் கவுன்ட்டரில் கால்குலேட்டர்மேல் சாய்த்து வைத்து, தன் முகம் தெரியும் கேமராவை முடுக்கிவிட்டு, உச்சியில் தொங்கும் அந்த 'வி' வடிவக் கிடாரை இறக்கித் தரச் சொல்கிறார். கடைப்பையன் ஏணி போட்டு ஏறி, தூசி தட்டிக் கொடுக்கிறான். தோளில் மாட்டியதும் இடப்பக்கம் ஒரு பார்வை, வலப்பக்கம் ஒரு பார்வை, கொஞ்சம் முழங்காலை மடக்கி ஒரு பார்வை. இதற்குள் பத்து நிமிடம். தந்தியில் இன்னும் கை படவில்லை.

வாசிக்கத் தெரியுமா என்று கடைக்காரர் கேட்பதில்லை. அவருக்கு வியாபாரம் தெரியும்.

நான் கூடப் போனது ஆலோசனை சொல்ல. மெல்லிசைக் குழு ஒன்றில் முப்பது வருடம் ரிதம் கிடார் வாசித்தவன் நான். பாடகருக்குப் பின்னால், டோலக்குக்குப் பக்கத்தில், ஸ்பீக்கர் மறைக்கும் இடம் எதுவோ அதுதான் என் இடம். அடுக்குமாடிக் குடியிருப்பில் என்னை 'மாஸ்டர்' என்பார்கள். "மாஸ்டர், நீங்க கூட வந்தா ஒரு தைரியம்" என்று அவர் கூப்பிட்டபோது, வண்டியில் பின்சீட் காலியாக இருப்பதால்தான் கூப்பிடுகிறார் என்று எனக்குத் தோன்றவில்லை. திரும்பும்போது தெரிந்தது. அந்தப் பெட்டியைப் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும்.

அவருக்கு முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும். கணினி உத்தியோகம், வீட்டுக்கடன், ஒரு பெண்குழந்தை. கல்லூரிக் கலைவிழாவில் வெளியூர் ராக் குழு ஒன்றின் நீளமுடிக்காரன் இப்படிப்பட்ட கொம்புக் கிடாரை மேடையில் சுழற்றியிருக்கிறான். நம்மவர் அன்று நாற்காலி அடுக்கும் கமிட்டியில் இருந்தார். அன்று விழுந்த விதை. அது முளைத்து, தவணைத் திட்டம் என்னும் மழை பெய்து, இப்போது காய்த்திருக்கிறது.

கடைசியாகத் தந்தியைத் தொட்டார். ஈ மைனர். இந்த இனத்தவர் எல்லாரும் கடையில் ஈ மைனர்தான் வாசிப்பார்கள். இரண்டே விரல் போதும், சோகமாகவும் இருக்கும்.

நான் சொன்ன யோசனை ஒன்றே ஒன்று. "தம்பி, ஒரு ஸ்டூல் வாங்கி உட்கார்ந்து வாசிச்சுப் பாருங்க."

"ராக்ல யாரு மாஸ்டர் உட்கார்றாங்க?"

"வீட்டுலதானே வாசிக்கப் போறீங்க?"

அந்தக் கேள்வி அவர் காதில் விழவில்லை. செல்போனில் படம் சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

சாதாரணக் கிடாருக்கு இடுப்பு என்று ஒன்று இருக்கிறது. பார்க்க அழகு என்று அதை வைத்தார்கள் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். உட்கார்ந்தால் தொடையில் சரியாகப் பொருந்துவது அந்த இடுப்புத்தான். 1954-இல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்னும் மின்கிடாரில் இன்னும் ஒரு படி மேலே போய், விலா எலும்பு இடிக்காமலும் முன்கை உறுத்தாமலும் கட்டையையே அங்கங்கே செதுக்கிவிட்டார்கள். நம்மவர் வாங்கிய வி-க்கு இடுப்பும் இல்லை, செதுக்கலும் இல்லை. சோபாவில் உட்கார்ந்து தொடையில் வைத்தால், எண்ணெய் தேய்த்த குழந்தைபோல நழுவுகிறது. இடக்கையால் பிடித்தால் கார்டு பிடிக்க விரல் இல்லை. வலக்கையால் பிடித்தால் மீட்ட ஆள் இல்லை. மனைவி ஒரு நாள் இதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஏங்க, நான் வேணா பிடிச்சுக்கட்டுமா?" என்று உண்மையான கரிசனத்தோடு கேட்டார். அன்றிலிருந்து நம்மவர் படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு வாசிக்கிறார்.

நின்று வாசித்தால் சரியாகிவிடும் என்றுதான் அவர் நம்பினார். நின்றால் வேறொரு வினோதம். உடம்பு லேசு, கழுத்து கனம். கையை எடுத்த மறுகணம் கிடாரின் தலை தரையைப் பார்த்துச் சாய்கிறது, துக்க வீட்டுக்கு வந்தவர்மாதிரி. எல்லா வி-யும் இப்படிச் சாயும் என்று சொல்லமாட்டேன், இவருடையது சாய்கிறது. இதற்கு உலகம் முழுதும் சொல்லும் வைத்தியம், உள்பக்கம் சொரசொரப்பான அகலத் தோல் ஸ்ட்ராப். நம்மவர் அதோடு நிற்கவில்லை. மாமியார் ஊரிலிருந்து கொண்டுவந்த பழைய 200 கிராம் எடைக்கல்லைக் கொம்பின் பின்புறம் டேப் போட்டு ஒட்டினார். பலன் இருக்கிறது என்கிறார். அவர் சொன்னால் நான் நம்பவேண்டியதுதான். மாமியார் மட்டும் எடைக்கல்லை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்.

மாமனார் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். பெட்டியைத் திறந்து காட்டியபோது கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "மாப்பிள்ளை, பேரியாழ், மகரயாழ், சகோடயாழ், செங்கோட்டியாழ்னு நாலு வகை பாடம் நடத்தியிருக்கேன். இது எதுலயும் சேரலையே!" என்றார். பிறகு, "வேட்டைக்குப் போனவன் வில்லைப் பார்த்துத்தான் யாழ் செய்தான்னும் ஒரு கருத்து உண்டு. இது பூமராங் பார்த்துச் செஞ்சதோ என்னமோ" என்று தானே ஒரு சமாதானமும் சொல்லிக்கொண்டார்.

பெரியவர் ரொம்பத் தவறிவிடவில்லை. இந்த வடிவம் வெளிவந்தது 1958-இல், அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், கலமசூ என்னும் ஊரில் இருந்த கிப்சன் தொழிற்சாலையிலிருந்து. பழைய பாணிக் கம்பெனி என்று பெயர் எடுத்துவிட்டோமே என்ற கவலை அவர்களுக்கு. ஆகாய விமானமும் ராக்கெட்டும் ஊரெல்லாம் பேச்சாக இருந்த காலம். தலைவர் டெட் மெக்கார்ட்டி, கோணல்மாணலாக இரண்டு கிடாரைச் சந்தையில் இறக்கினார். ஒன்று ஃப்ளையிங் வி. இன்னொன்று எக்ஸ்ப்ளோரர், அதைப் பார்த்தால் சதுரத்தை யாரோ கோபத்தில் இழுத்ததுபோல இருக்கும். ஜனங்கள் வந்து பார்த்தார்கள், சிரித்தார்கள், போனார்கள். இரண்டு வருடத்தில் அனுப்பிய வி கிடார்கள் நூறைக்கூடத் தொடவில்லை. சில கடைக்காரர்கள் அதைப் பெயர்ப்பலகைபோல வாசலில் மாட்டி வைத்தார்கள் என்பார்கள். இன்று அந்த முதல் ஈடு கிடார் ஒன்று கையில் இருந்தால், அதை விற்று நம் ஊரில் வீடு வாங்கலாம்.

அந்த நூற்றுக்குக் குறைந்த பேரில் ஒருவர் ஆல்பர்ட் கிங். ப்ளூஸ்காரர், ஆஜானுபாகு, இடக்கைக்காரர். வலக்கைக் கிடாரைத் தந்தி மாற்றிக் கட்டாமலே தலைகீழாகப் பிடித்து வாசித்தவர். தடித்த தந்தி கீழே, மெல்லிய தந்தி மேலே. மற்ற கிடார்களைக் கவிழ்த்துப் பிடித்தால் கை போகவேண்டிய வெட்டு எதிர்ப்பக்கம் போய்விடும். வி-க்கு இரண்டு பக்கமும் ஒன்றுபோலத்தான். கவிழ்த்தாலும் வி வி-தான். மெல்லிய தந்தியை மற்றவர்கள் மேலே தள்ளி வளைப்பார்கள், அவர் கீழே இழுத்து வளைத்தார். அந்த அழுகை வேறு யாருக்கும் வரவில்லை. கிடாருக்கு 'லூசி' என்று பேர் வைத்திருந்தார். ஆக, அந்த வடிவம் ஒருவருக்காவது உள்ளபடியே பயன்பட்டிருக்கிறது. இதை நான் சொன்னபோது நம்மவர் முகம் மலர்ந்துவிட்டது. "பார்த்தீங்களா மாஸ்டர்!" என்றார், தானும் இடக்கைக்காரர் என்பதுபோல.

இன்னொரு வசதியும் இருக்கிறது. உடம்பு இரண்டாகப் பிளந்து விலகிப் போவதால், கழுத்தின் அடிவரை கை தடையில்லாமல் போகும். கழுத்தில் மெட்டுபோல இருக்கும் கடைசி ப்ரெட்டைக்கூடத் தொடலாம். நம்மவர் இதை வருகிறவர்களிடமெல்லாம் விளக்குகிறார். அவருடைய இடக்கை அப்போதுவரை ஐந்தாம் ப்ரெட்டைத் தாண்டியதில்லை. மாநகராட்சி எல்லைவரை பஸ் பாஸ் வாங்கி வைத்துக்கொண்டு தினமும் தெருமுனை வரை போய்த் திரும்புகிற மாதிரி.

சரி, சத்தம்? வீட்டுக்கு வருகிற எல்லாரும் கேட்பது, "இந்த ஷேப்புக்கு சவுண்ட் வித்தியாசமா வருமா?" என்பதுதான். "வரும்" என்று அவர் கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் எனக்குத் தெரியவில்லை. வீணைக்குக் குடம்போல, அக்கூஸ்டிக் கிடாருக்கு வயிறு பேசுகிறது. கெட்டிக்கட்டை மின்கிடாருக்கு வயிறே கிடையாது. தந்தி அதிர்வதை அடியில் இருக்கும் காந்தமும் கம்பிச்சுருளும் சேர்ந்த பிக்கப் வாங்கி ஆம்புக்கு அனுப்புகிறது, அவ்வளவுதான் கதை. வி-யிலும் கிப்சனின் லெஸ் பால் கிடாரிலும் தந்தி நீளம் ஏறக்குறைய அதே 24¾ அங்குலம். 1957-இல் வந்த அதே இரட்டைச்சுருள் ஹம்பக்கர் பிக்கப்தான் இரண்டிலும். நாக்கு ஒன்று, தலைக்கட்டு வேறு. அதற்குமேல் டிஸ்டார்ஷனையும் முழுக்கத் திருகிவிட்டால், கொம்பு வைத்த கிடாரா, இட்லிப்பானையா என்று எவர் காதும் சொல்லாது.

இந்த இடத்தில் நியாயமாக ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த லெஸ் பால் என்ற மனிதரே 1940 வாக்கில் நாலு அங்குலச் சதுரப் பைன் கட்டை ஒன்றில் கழுத்தும் தந்தியும் பிக்கப்பும் பொருத்தி ஒரு கிளப்பில் வாசித்துக் காட்டினார். ஜனங்கள் அசையவில்லை. பிறகு எபிஃபோன் கிடார் ஒன்றை நெடுக அறுத்து, இரண்டு பாதியையும் கட்டையின் இருபுறமும் ஒட்டிக்கொண்டு அதே கிளப்புக்குப் போனார். ஒரே ஆரவாரம். ஜனங்கள் கண்ணால்தான் கேட்கிறார்கள் என்று அன்று தெரிந்துகொண்டதாகப் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். நம் ஊரில் மாண்டலின் ஸ்ரீனிவாஸ் ஐந்து தந்தி மின்மாண்டலினைச் சப்பணமிட்டு மடியில் வைத்துக்கொண்டு, எந்தக் கொம்பும் இல்லாமல் ஊரைக் கட்டிப் போட்டார். ஆனால் அவர் ஸ்ரீனிவாஸ். நமக்கெல்லாம் இரண்டு பக்கமும் ஏதாவது ஒட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இதைச் சொல்லக் காரணம், குடியிருப்பின் பொங்கல் விழா. வாசலில் ஷாமியானா, வாடகை மைக். நானும் என் பழைய பழுப்புக் கிடாரோடு உட்கார்ந்திருந்தேன். நம்மவர் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு வி-யோடு மேடை ஏறினார். ஏறும்போதே ஒரு கொம்பு மைக் ஸ்டாண்டைத் தட்டிச் சாய்த்தது. திரும்பியபோது மற்றொரு கொம்பு குத்துவிளக்கைத் தேடிப் போக, செயலாளர் பாய்ந்து விளக்கைக் காப்பாற்றினார். பாட்டில் மூன்று கார்டு. அதில் இரண்டை நம்மவர் சரியாகப் பிடித்தார். மூன்றாவதை நான் பின்னாலிருந்து சத்தமாக வாசித்து மூடிவிட்டேன். முப்பது வருடம் செய்த வேலைதானே. பாட்டு முடிந்ததும் குழந்தைகள் மேடைமேல் பாய்ந்தன. "அங்கிள், நான் ஒரு தடவை! அங்கிள், என் கூட ஒரு போட்டோ!" இருபது குழந்தைகளாவது இருக்கும். எனக்கும் ஒரு குழந்தை வந்தது. "தாத்தா, கொஞ்சம் தள்ளிக்கோங்க, போட்டோல நீங்க வர்றீங்க" என்றது.

மறுநாள் அவர் வீட்டுக்குப் போனேன். பொறாமையோடுதான் போனேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கிடார் சுவரில் ஆணியில் தொங்கியது. வேறு எங்கும் அதை வைக்க முடியாது. சுவரில் சாய்த்தால் இரண்டு முனையும் டைல்ஸில் வழுக்கிவிடும், சாதாரண ஸ்டாண்டில் உட்காராது. ஒரு கொம்பில் குழந்தையின் பள்ளிக்கூடத் தண்ணீர்ப் பை, மற்றொன்றில் முகம் துடைக்கும் துண்டு. துண்டை எடுத்துவிட்டு, ஒரு முக்காலியைப் போட்டு அவரை உட்காரவைத்தேன். இடக்காலுக்கு அடியில் இரண்டு பழைய டெலிபோன் டைரக்டரி. வி-யின் கவட்டையை வலத்தொடைக்கு மேல் பொருத்தி, கீழ்க்கொம்பைக் கால்களுக்கு நடுவே விட்டு, கழுத்தை இடத்தோள் பக்கம் உயர்த்திப் பிடிக்கச் சொன்னேன். ஸ்பானியக் கிளாசிக்கல் கிடார்க்காரர்கள் உட்காருகிற மாதிரி. நழுவாதிருக்க முதல் ஈடு வி-யின் பக்கவாட்டில் ரப்பர் பட்டைகூட ஒட்டியிருந்தார்கள். கம்பெனிக்காரர்களும் யாரையோ உட்காரவைத்துப் பார்த்துத்தான் இருக்கிறார்கள்.

கிடார் அடங்கிவிட்டது. இடக்கை விடுதலையாகி, நம்மவர் முதல் தடவையாக ஏழாம் ப்ரெட்டுக்குப் போனார். பிறகு பன்னிரண்டுக்கு. தந்தி ஒன்று சுத்தமாகப் பேசியது. மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "ரேடியோவா?" என்றார்.

நம்மவர் செல்போனை எடுத்து எதிரே வைத்து, தன்னைத் தானே பார்த்தார். முகம் வாடிவிட்டது.

"நல்லாத்தான் இருக்கு மாஸ்டர். ஆனா இப்படி உட்கார்ந்தா அது வி-ன்னே தெரியலையே."

இப்போது நட்சத்திர வடிவில் ஒன்று பார்த்து வைத்திருக்கிறார். ஐந்து முனை, சிவப்பு நிறம். அதற்கு இடம் வேண்டும் என்பதால் வி விற்பனைக்கு வந்திருக்கிறது. ஐந்தாம் ப்ரெட்டுக்கு மேலே ஏறக்குறைய புத்தம் புதுசு. எடைக்கல் விலையில் சேராது. அதை மாமியாருக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும். வேண்டுபவர்கள் ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது மாடிக்கு வந்து என்னைக் கேட்கலாம். இருசக்கர வண்டியில் வருவதானால், பின்சீட்டில் ஓர் ஆளோடு வரவும்.