பெர்லினில் குடிபுகுதல்: ஓர் அறிமுக ஆய்வு

1. நோக்கமும் எல்லையும்

ஜெர்மனியின் தத்துவம், இசை, கார், இடிக்கப்பட்ட சுவர் ஆகியவற்றைப் பற்றித் தமிழில் போதுமான அளவு எழுதியாகிவிட்டது. அந்நாட்டு வாடகை வீட்டில் ஒரு விளக்கு எரிவதற்கு என்னென்ன நடந்தேற வேண்டும் என்ற கேள்விதான் அறிஞர் கண்ணில் படாமல் கிடக்கிறது. இக்குறையைப் போக்குவதே இவ்வாய்வின் நோக்கம்.

ஆய்வு எல்லை பெர்லின் நகரம். 1826இல் உன்ட்டர் டென் லிண்டன் சாலையில் எரிவாயு விளக்கேற்றிய ஊர் அது. 1856இல் குழாயில் குடிநீரும் 1880களில் மின்சாரமும் அங்கே ஓடத் தொடங்கிவிட்டன. இத்தனை பழுத்த அனுபவம் உடைய ஊரில் ஒரு பல்பை மாட்டிக் குடியேறுவது எளிது என்பதே இவ்வாய்வின் கருதுகோள். அது அடுத்த இயலிலேயே கைவிடப்படுகிறது.

முதன்மை ஆதாரம் அஞ்சல் பெட்டி. துணைமை ஆதாரங்கள் நிலவறையில் இருக்கும் மீட்டரும், மாடிப்படியில் எதிர்ப்படும் மூத்த குடியிருப்பாளர்களும்.

2. வெற்றிடக் கோட்பாடு

பால் காய்ச்சிக் குடியேற நினைக்கும் தமிழ்க் குடும்பம் சாவி வாங்கிய கையோடு ஒரு கோட்பாட்டுச் சிக்கலில் விழுகிறது. வீட்டில் அடுப்பு இல்லை. பல வீடுகளில் பாத்திரம் கழுவும் தொட்டி, மேடை, அலமாரி எதுவுமே இருக்காது. முன்பிருந்தவர் சமையலறையைக் கழற்றி எடுத்துப் போயிருப்பார்; அல்லது அதையே நமக்கு விலை பேசுவார். புதிதாக மின்னடுப்பு வாங்கினால் அதற்கு 400 வோல்ட் மும்முனை இணைப்பு வேண்டும். எலக்ட்ரீஷியன் வந்துதான் மாட்ட வேண்டும். நல்ல நேரத்தை அவருடைய நாட்குறிப்பு தீர்மானிக்கும்.

உத்தரத்தை நோக்கினால் விளக்கு இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு மூன்று ஒயர்கள் தொங்கும். ஆக, மின்சாரம் உண்டு, வெளிச்சம் இல்லை. ஊரிலிருந்து கொண்டுவந்த மிக்ஸிக்கும் இதே நிலைதான். இங்கும் 230 வோல்ட், அங்கும் 230 வோல்ட். ஆனால் நம் மூன்று முள் பிளக் அவர்களுடைய ஷூகோ சாக்கெட்டில் நுழையாது. மின்னழுத்தத்தில் உடன்பாடும் துளையில் கருத்து வேறுபாடும் நிலவுகின்றன.

3. வகைப்பாடு

வீட்டுக்கு வரும் வசதிகளைத் தொழில்நுட்ப நூலார் மின்சாரம், நீர், வெப்பம், இணையம் எனப் பிரிப்பர். அது மேம்போக்கான பிரிவு. அவை வரும் முறையை வைத்துப் பிரிப்பதே பொருந்தும். அவ்வகையில் அவை நான்கு.

அ) கேளாமல் வருவது. இது மின்சாரம். யாரிடமும் கையெழுத்துப் போடாமல் சுவிட்சைத் தட்டினாலும் மின்சாரம் வந்துவிடும். தட்டிய அந்தக் கணத்தில் ஓர் ஒப்பந்தம் பிறந்துவிட்டது என்பது சட்டத்தின் கொள்கை. அப்பகுதியில் மிகப் பல வீடுகளுக்கு மின்சாரம் விற்கும் நிறுவனமே அடிப்படை வழங்குநர். வேறு ஏற்பாடு செய்யாதவர் எல்லாரும் அவருடைய வாடிக்கையாளர். விலை பொதுவாகச் சற்றுக் கூடுதல். இரண்டு வார முன்னறிவிப்பில் விலகலாம் என்பது ஆறுதல்.

1998இல் மின் சந்தை திறந்துவிடப்பட்ட பின், மின்சாரத்தை யாரிடம் வாங்குவது என்பது அவரவர் விருப்பம். இதை விளக்கச் சைவ சித்தாந்தத்தைத் தவிர வேறு வழியில்லை. பதி, பசு, பாசம் என மூன்று. கம்பியின் உடைமையாளர் பதி. பெர்லினில் 2021 முதல் அது நகர அரசு. பதியை எவரும் தேர்ந்தெடுப்பதில்லை. குடியிருப்பவர் பசு. விற்பனையாளரோடு செய்யும் ஒப்பந்தம் பாசம். எந்தப் பாசத்தில் கட்டுண்டாலும் அதே கம்பி வழியே அதே மின்சாரம்தான் வரும். காற்றாலை மின்சாரத்துக்குக் கையெழுத்திட்ட மேல்மாடிக்காரர் வீட்டிலும் இடாத கீழ்மாடிக்காரர் வீட்டிலும் பல்பு ஒரே மாதிரி எரியும். முதல் ஒப்பந்தம் பசுவை 24 மாதங்களுக்கு மேல் கட்டிப்போடக் கூடாது. அதன் பின் ஒரு மாத முன்னறிவிப்பில் முத்தி.

முன்பெல்லாம் குடியேறி ஆறு வாரம் வரை பின்தேதியிட்டு மின்சாரத்தைப் பதிவு செய்யலாம். 2025 ஜூன் 6 முதல் அது செல்லாது. முன்கூட்டியே ஒப்பந்தம் போடாதவர், இடைப்பட்ட நாள்களுக்கு அடிப்படை வழங்குநரின் விலையைத்தான் தர வேண்டும்.

ஆ) கேட்டுக் காத்திருந்து பெறுவது. இது இணையம். தொழில்நுட்பர் இன்ன தேதியில் காலை இத்தனை மணியிலிருந்து மதியம் இத்தனை மணிக்குள் வருவார் என்று கடிதம் வரும். அந்த இடைவெளியில் குளிப்பதும், கடைக்குப் போவதும், அழைப்பு மணி கேட்காத அளவுக்குத் தாளிப்பதும் விலக்கப்பட்டவை. 2021 டிசம்பரில் நடப்புக்கு வந்த தொலைத்தொடர்புச் சட்டப்படி, நிறுவனத்தார் சொன்ன நேரத்துக்கு வராமற்போனால் 10 யூரோ அல்லது மாதக் கட்டணத்தில் 20 விழுக்காடு, இவற்றில் எது கூடுதலோ அதை இழப்பீடாகக் கேட்கலாம். மனிதனின் அரைநாளுக்கு அரசே விலை குறித்திருக்கிறது என்பது தத்துவத் துறையினர் கவனிக்கத் தக்கது.

வந்தவர் வீட்டைக் கண்டுபிடிப்பது வேறொரு சிக்கல். பெர்லினின் பழைய கட்டடங்களில் முன்கட்டு, பக்கக்கட்டு, முற்றம் தாண்டிப் பின்கட்டு என்று அடுக்குகள் உண்டு. கதவுகளில் பெரும்பாலும் எண் இருக்காது. அழைப்பு மணியிலும் அஞ்சல் பெட்டியிலும் உள்ள குடும்பப் பெயரே முகவரி. ஆகவே குடும்பப் பெயர் என ஒன்று இல்லாமல் தலைப்பெழுத்தோடு மட்டும் பிறந்த தமிழர், தம் தந்தையாரின் பெயரை மணிப்பலகையில் ஒட்டி, அவர் பெயரால் கடிதம் பெற்று வாழ்கின்றனர்.

இ) வேண்டாம் என்றாலும் வருவது. குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். இதுவே அன்மெல்டுங். வீட்டுக்காரர் கையெழுத்திட்ட சான்றும் கூடவே வேண்டும். பதிந்தவருக்குச் சில வாரங்களில் ஒரு கடிதம் வரும். உள்ளே ஒலிபரப்புக் கட்டணம், மாதம் 18.36 யூரோ. ‘என்னிடம் டிவியே இல்லை’ என்னும் வாதம் 2012 வரை வலிமை உடையதாக இருந்தது. 2013 முதல் கட்டணம் வீட்டுக்கு; பெட்டிக்கு அன்று. 2018இல் அரசியலமைப்பு நீதிமன்றமும் இதைப் பெரும்பாலும் சரியென்று சொல்லிவிட்டது. ஒரு வீட்டில் எத்தனை பேர் இருந்தாலும் ஒரே கட்டணம் என்பதால், கூட்டுக் குடும்பத்தை ஊக்குவிக்கும் ஒரே ஜெர்மானிய நிறுவனம் இதுவாகலாம்.

ஈ) அனுபவித்த பின் விளங்குவது. நீரும் வெப்பமும் பெரும்பாலும் வீட்டுக்காரர் வழியே வரும். மாதந்தோறும் ஒரு முன்பணம் கட்டிவிட்டு நிம்மதியாக இருக்கலாம். பொது வெப்பமூட்டியின் செலவில் 50 முதல் 70 விழுக்காடு அவரவர் பயன்பாட்டின்படியும் மீதி வீட்டின் பரப்பளவின்படியும் பங்கிடப்படும். கணக்காண்டு முடிந்து 12 மாதத்துக்குள் வீட்டுக்காரர் கணக்கு அனுப்பினால் போதும். எனவே 2025 ஜனவரியில் குளித்த வெந்நீர்க் குளியலின் உண்மை விலை 2026 டிசம்பரில் தெரியவரலாம். வினை செய்வதற்கும் பயன் வருவதற்கும் இடையே இருக்கும் காலம் குறித்துச் சமயவாதிகள் ஊகத்தில் சொன்னதை ஜெர்மானியச் சிவில் சட்டம் மாதக் கணக்கில் வரையறுத்திருக்கிறது.

4. பதினொன்றின் ஆட்சி

வீட்டு மின் இணைப்பைக் குறிக்கும் மாலோ எண்ணுக்கு 11 இலக்கம். வரி அடையாள எண்ணுக்கு 11 இலக்கம். வங்கியின் ஐபான் 22 எழுத்தெண்கள், அதாவது இரண்டு பதினொன்று. இதிலிருந்து ஜெர்மானிய வாழ்வின் அடிப்படை அலகு 11 என்று நிறுவலாம். எதிர்ச்சான்று ஒன்றே: ஒலிபரப்புக் கட்டண எண்ணுக்கு 9 இலக்கம்தான். அதை வழங்கும் அலுவலகம் இருப்பதோ கொலோன் நகரில். 11ஆம் மாதம் 11ஆம் தேதி 11 மணி 11 நிமிடத்துக்குத் தன் கோமாளித் திருவிழாவைத் தொடங்கும் ஊர்! முடிவுக்கு ஒத்துவராத சான்றை ஒதுக்கிவிடும் பல்கலைக்கழக மரபைப் பின்பற்றி, இச்சான்று இத்துடன் ஒதுக்கப்படுகிறது.

5. வெளிச்செல்வன

வருவனவற்றுக்கு எண் இருப்பதுபோல் போவனவற்றுக்கு நிறம் உண்டு. தாளுக்கு நீலத்தொட்டி, பொட்டல உறைகளுக்கு மஞ்சள், காய்கறிக் கழிவுக்குப் பழுப்பு. நிறமற்ற கண்ணாடி வேறு, நிறமுள்ள கண்ணாடி வேறு. ஞாயிற்றுக்கிழமை கண்ணாடி போடக் கூடாது, ஓசை எழும். 25 சென்ட் முன்பணம் வைத்த பிளாஸ்டிக் பாட்டிலைக் கடையில் திருப்பித் தர வேண்டும். தவறாகப் போடுவோருக்குத் தண்டனை உண்டா என்று சட்டநூல் தேட வேண்டியதில்லை. முதல் மாடி ஜன்னல் திரை அசையும்.

6. முடிவுகள்

ஒன்று: இந்நகரம் நம்பிக்கையை முதலிலும் கணக்கைக் கடைசியிலும் தருகிறது. முன்பின் தெரியாதவருக்கு விளக்கெரிக்கவும் குளிக்கவும் அனுமதி உண்டு. எதுவும் விடுபடாமல் எழுதப்படும். இதைத் தாராளம் என்று மயங்குவோரே பின்னர் கடிதம் கண்டு திடுக்கிடுகின்றனர்.

இரண்டு: ஆகவே குடிபுகல் சடங்கின் மையம் மீட்டரே. சாவி வாங்கும் நாளில் அதன் எண்ணையும் அது காட்டும் அளவையும் ஒப்படைப்புப் பத்திரத்தில் எழுதி, இரு தரப்பும் கையெழுத்திட்டு, படமும் எடுத்துக்கொள்ள வேண்டும். முந்தியவரின் குளிர்காலத்துக்குப் பணம் கட்டாமல் தப்ப வேறு பரிகாரம் இல்லை.

7. மேலாய்வுக்கான பரிந்துரை

வீட்டைக் காலி செய்தல் குறித்துத் தனி ஆய்வு தேவை. வாடகையாளர் தர வேண்டிய முன்னறிவிப்பு மூன்று மாதம். வீட்டுக்காரரிடம் கொடுத்துவைத்த கௌசியோன் என்னும் பிணைத்தொகை, சட்டம் அனுமதிக்கும் உச்சமாகிய மூன்று மாத அடிப்படை வாடகை. கடைசி ஆண்டின் வெப்பக் கணக்கு முடியும் வரை அதில் ஒரு பகுதியை அவர் நிறுத்தி வைக்கலாம். எனவே இவ்வாய்வை மேற்கொள்வோருக்குக் காலம் தாராளமாகக் கிடைக்கும். ஆய்வுக்கான நிதி மட்டும் வீட்டுக்காரரிடம் இருக்கும்.