மீன் குழம்புக்கு எந்த ஒயின்?

கேள்வி: காரைக்காலில் மலிவு விலை ஒயின் வாங்கினேன். மீன் குழம்போடு சேருமா?
– ஒரு வாசகர், திருநள்ளாறு

பதில்: வெள்ளை என்றால் பேஷாகச் சேரும். சிவப்பு என்றால் குழம்புக்கும் ஒயினுக்கும் சண்டை. அடி வாங்குவது உங்கள் நாக்கு! சிவப்பு ஒயினில் திராட்சைத் தோலின் துவர்ப்பு இறங்கியிருக்கும். அது மிளகாயின் எரிச்சலை ஏற்றிவிடும். இரும்புச்சத்து அதிகமுள்ள ஒயின் மீன் கொழுப்போடு சேர்ந்தால் வாயில் கவிச்சி தங்கும்.

நாசிக்கில் விளையும் செனின் பிளாங்க் கேளுங்கள். அதன் பூர்வீகம் பிரான்சின் லுவார் பள்ளத்தாக்கு. 1954 வரை பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ஊரில் அந்தத் திராட்சைக்கு நம் குழம்பைவிட நல்ல சம்பந்தம் அமையாது! புளிக்கு ஈடுகொடுக்கும் புளிப்பு அதில் உண்டு. லேசாக இனிக்கும் வகையாக எடுத்தால் காரமும் அடங்கும். வறுத்த வஞ்சிரம், இறால் என்றால் இனிப்பில்லாத சாவிஞ்ஞோன் பிளாங்க். எலுமிச்சை பிழிந்த மாதிரி இருக்கும், தனியாகப் பிழிய வேண்டாம்.

எதுவானாலும் இரண்டு மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்துக் குளிரக் குடியுங்கள். நம் கடற்கரை வெக்கையில் விலையுயர்ந்த ஒயின்கூடச் சாராய நெடிதான் அடிக்கும். மிச்சத்தை மூடி ஃப்ரிட்ஜிலேயே வையுங்கள், இரண்டு மூன்று நாள் தாங்கும். நாகூர் மச்சானுக்கு என்று மட்டும் எடுத்துப் போகாதீர்கள். வாஞ்சூர் தாண்டினால் தமிழ்நாடு. பாட்டிலோடு நீங்களும் மாட்டுவீர்கள்.