ப்ளெயின் சேலையில் கட்டம் எப்படி வந்தது?

சேலம் பக்கத்து இளம்பிள்ளையில் தறிச் சத்தம் காதை அடைக்கும். ஆனால் அங்கே நெய்யும் சேலைகளில் பாதியை இன்று விற்றுக் கொடுப்பது போன்தான் என்று தோன்றுகிறது. தறிக்காரர் படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுவார். ரீசெல்லர் அக்காமார் அதைத் தங்கள் குழுக்களில் போடுவார்கள். நாமக்கல்லில் ஓர் அக்கா அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, விலையை மறைக்க ஒரு பூ ஸ்டிக்கர் ஒட்டி, 'கலர் கேரண்டி' என்று எழுதி இன்ஸ்டாகிராமில் ஏற்றுவார். அவர் என் பெரியம்மா மகள்.

"தம்பி, இதைக் கொஞ்சம் ஷார்ப்பாப் பண்ணிக் குடு சாமி" என்று ராத்திரியில் ஒரு படம் வரும். படம் என்பது மரியாதைக்குச் சொல்வது.

ஸ்கிரீன்ஷாட் எடுத்து மறுபடி அனுப்பும் ஒவ்வொரு முறையும் படம் சுருங்கி, ஜேபெக் முறையில் இன்னொரு தடவை அமுக்கப்படுகிறது. ஜேபெக் படத்தை எட்டுக்கு எட்டுப் பிக்சல் கட்டங்களாக வெட்டி, கண்ணுக்குச் சட்டென்று தெரியாத நுணுக்கங்களைத் தூக்கிப் போடும். நிறத் தகவலில் இன்னும் தாராளமாகக் கை வைக்கும். ஒருமுறை என்றால் தெரியாது. நாலு கை மாறினால் அந்தக் கட்டங்களே மேலே எழும்பிவிடும். தறியில் ப்ளெயினாக இறங்கிய அரக்குச் சேலை, நாமக்கல் வந்து சேரும்போது கட்டம் போட்ட சேலையாவது இப்படித்தான்.

நெருக்கமான கோடு போட்ட சேலையில் வேறொரு கூத்து. கோடுகளின் இடைவெளியும் கேமரா பிக்சல்களின் இடைவெளியும் ஒத்துப்போகாமல், துணியில் இல்லாத அலைகள் படத்தில் ஓடும். ஒரு வாடிக்கையாளர், "அந்த அலை டிசைன் வேற கலர்ல இருக்குங்களா?" என்று கேட்டார். "ஸ்டாக் நாளைக்கு வருதுங்க" என்று அக்கா பதில் போட்டுவிட்டார்! ஓரடி முன்னே பின்னே நகர்ந்து, கொஞ்சம் சாய்த்து எடுத்தால் பெரும்பாலும் அலை ஓய்ந்துவிடும். படத்தில் ஏறிவிட்டாலோ, எந்த ஆப்பில் துவைத்தாலும் முழுசாகப் போகாது.

ஷார்ப் பண்ணுவது என்றால், வெளிச்சமும் இருட்டும் சந்திக்கும் ஓரத்தில் ஒன்றை இன்னும் வெளுக்க வைத்து, மற்றதை இன்னும் கறுக்க வைப்பது. அவ்வளவுதான். அளவு மீறினால் ஜரிகை பார்டரை ஒட்டி ஒரு வெள்ளைக் கோடு முளைக்கும். நெசவாளி போடாத கரை. அக்கா அதற்கும் சேர்த்து ஐம்பது ரூபாய் ஏற்றக்கூடியவர்.

வெயில் நேராக விழாத திண்ணையில், ட்யூப்லைட்டை அணைத்துவிட்டுப் படமெடுப்பது என் வழக்கம். பிறகு அதை 1080-க்கு 1350 பிக்சலாக வெட்டிச் சுருக்கிவிடுவேன். போன் தரும் 3000 பிக்சல் அகலப் படத்தை அப்படியே ஏற்றினால், சுருக்கும் வேலையை இன்ஸ்டாகிராம் தன் இஷ்டத்துக்குச் செய்துகொள்ளும். சுருக்கினால் படம் லேசாக மழுங்கும். ஆகவே ஷார்ப் கடைசியில், அதுவும் சிட்டிகை அளவு. முதலிலேயே ஷார்ப் போட்டுவிட்டுச் சுருக்குவது, கோலம் போட்டுவிட்டு வாசல் தெளிப்பது.

நிறத்தில்தான் பெரும் பஞ்சாயத்து. முதல் முழுநீள வண்ணத் தமிழ்ப் படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' 1956-இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்தது. தமிழர்களுக்குக் கலர் காட்டிய சீமையில் இருந்துகொண்டு, ராமர் பச்சையை ராமர் பச்சையாகக் காட்ட முடியவில்லை. அக்கா அதன்மேல் ஒரு ஃபில்டரைப் போட்டு, கிளியே கூசும் பச்சையாக்கிவிடுகிறார். பார்சல் போய்ச் சேர்ந்ததும், "போட்டோல இருந்த கலர் இது இல்லீங்களே" என்று ஓப்பனிங் வீடியோ வருகிறது. இப்போது 'கலர் கேரண்டி'க்கு அடுத்த வரியிலேயே 'கலர் சற்று மாறுபடலாம்' என்றும் எழுதுகிறார்.

தறிக்காரரிடம் மூலப் படத்தை வாட்ஸ்அப்பில் 'டாக்குமென்ட்'டாகக் கேட்டு வாங்கினால் ஒரு பிக்சல்கூடக் குறையாது. அதில் 2023-இல் வந்த எச்.டி. வசதியும் ஓரளவு உதவும். இதைச் சொன்னபோது, "டாக்குமென்ட்னா, பத்திரம் மாதிரியா சாமி?" என்று அக்கா பயந்துவிட்டார்.

ரீசெல்லர் அக்காமாரே, தயவுசெய்து ஸ்கிரீன்ஷாட் எடுக்காதீர்கள். எடுத்தே தீருவீர்கள் என்றால், பேட்டரி 4 சதவீதம் என்று காட்டும் மேல்பட்டையையாவது வெட்டிவிட்டுப் போடுங்கள்.