கொஞ்சம் ஒட்டி நில்லுங்க

விசேஷ வீட்டில் அவரைக் கண்டுபிடிக்க முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. வலது மணிக்கட்டைப் பார்த்தால் போதும். ஒரு கறுப்புக் கயிறு தொங்கும். கயிற்றின் முனையில், சட்டைப் பைக்குள் அடங்குகிற வெள்ளி நிற டிஜிட்டல் கேமரா. மற்றவர்கள் செல்போனில் படம் பிடித்து, தாலி கட்டி முடிப்பதற்குள் ஸ்டேட்டஸ் போட்டுவிட்டுப் பந்திக்குக் கிளம்பியிருப்பார்கள். இவர் அப்போதுதான் கையைத் தூக்கி, "எல்லாரும் இங்க பாருங்க" என்பார். முறைப்படி அவர் சிலருக்கு அண்ணன், சிலருக்குச் சித்தப்பா. ஆனால் கல்யாணமோ நிக்காஹோ, கீரனூரில் அவர் எல்லாருக்கும் கேமரா மாமா.

கீரனூர் என்றதும் புதுக்கோட்டைப் பக்கம் போய்விடக் கூடாது. இது பழனியிலிருந்து தாராபுரம் போகிற வழியில் இருக்கும் திண்டுக்கல் மாவட்டத்துக் கீரனூர். ஊர்ப் பெயரை இலக்கியத்தில் நிறுத்தியவர் 'மீன்காரத் தெரு' எழுதிய கீரனூர் ஜாகிர்ராஜா. ஊர்க்காரர்களை வெயிலில் நிறுத்தியவர் நம் மாமா. ஒரே பெயரில் இரண்டு ஊர் இருப்பதால் அவருக்கு நஷ்டமும் உண்டு. கேமராவுக்கென்று ஆன்லைனில் வரவழைத்த ரீசார்ஜ் பேட்டரி, புதுக்கோட்டைக் கீரனூரை நன்றாகச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் இங்கே வந்து சேர்ந்தது. அதற்குள் எந்த விசேஷத்துக்காக வாங்கினாரோ அந்த மாப்பிள்ளை மறுவீட்டுக்கும் போய் வந்துவிட்டார்.

கேமரா வாங்கிய கதையை அவரிடம் யாரும் கேட்கக் கூடாது. கேட்டால் இலை எடுக்கிறவரைக்கும் விடமாட்டார். அதற்கு முன்னால் வீட்டில் இருந்தது அப்பா காலத்து ஆக்ஃபா கிளிக். 120 ரோல், ஒரு ரோலுக்கு 12 படம். ரோல் முடிந்து, பழனியில் ஸ்டுடியோவில் கொடுத்துக் கழுவி வாங்குவதற்குள் படத்தில் தவழ்ந்த குழந்தை பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருக்கும். அப்புறம் கோடக் கேபி 10 வந்தது. 36 படம் எடுக்கலாம்; பெரிய தாராளம். 2008இல் டிஜிட்டல் வாங்கினார். ரோல் கணக்கு அதோடு ஒழிந்தது என்றுதான் வீட்டில் நினைத்தார்கள். ஒழியவில்லை. கார்டில் ஆயிரம் படத்துக்கு இடம் இருந்தாலும் ஒரு கல்யாணத்துக்கு 36க்கு மேல் எடுக்க மாட்டார். முப்பதைத் தாண்டியதும் குரலில் ஒரு கறார் வந்துவிடும். "சின்னப் பசங்களுக்கெல்லாம் அப்பறம் எடுக்கலாம்."

வாங்குவதற்கு முன்னால் திண்டுக்கல்லில் ஒரு கடை, கோயம்புத்தூரில் சில கடைகள், துபாயில் இருக்கும் மச்சானுக்கு இரண்டு போன் என்று ஆராய்ச்சி பல மாதம் நடந்தது. அந்தக் காலத்தில் கேமராவைப் பற்றிக் கேட்க ஒரே கேள்விதான் இருந்தது. பெண் வீட்டில் எத்தனை பவுன் போடுகிறார்கள் என்று விசாரிக்கிற அதே குரலில், "எத்தனை மெகா பிக்ஸல்?" என்பார்கள். ஏழு என்றால் உதடு பிதுங்கும். பத்து என்றால் பரவாயில்லை. பன்னிரண்டு என்றால் கூட வந்தவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவார். சாதாரண நாலுக்கு ஆறு அங்குலப் படத்தைத் துல்லியமாக அச்சுப் போட, இரண்டு மெகா பிக்ஸலும் சொச்சமும் போதும். பையில் அடங்கும் கேமராவுக்குள் படத்தை வாங்குகிற சென்சார் பெரும்பாலும் 6 மில்லிமீட்டர் சொச்சம் அகலம், 4.6 மில்லிமீட்டர் உயரம். சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. அந்த இடத்துக்குள் பன்னிரண்டு மில்லியன் புள்ளியை நெருக்கினால் ஒவ்வொன்றுக்கும் கிடைக்கிற வெளிச்சம் குறையும். மண்டபத்து மங்கல் வெளிச்சத்தில் முகமெல்லாம் ரவை தூவிவிடும். இதைக் கடைக்காரர் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் மாமா வாங்கியிருக்க மாட்டார். "குறைஞ்ச பிக்ஸலை நம்ம தலையில கட்டப் பாக்குறான்" என்று எழுந்து வந்திருப்பார்.

ஜூமிலும் இதே கதைதான். லென்ஸ் நீண்டு சுருங்கிக் காட்சியைப் பக்கத்தில் கொண்டுவருவது நிஜ ஜூம். டிஜிட்டல் ஜூம் என்பது இருக்கிற படத்தின் நடுவில் ஒரு துண்டை வெட்டி ஊதிக் காட்டுவது. மாமா இரண்டையும் பெருக்கி மொத்தமாக ஒரு எண் வைத்திருந்தார். அந்த எண்ணை நம்பித்தான் மண்டபத்தின் கடைசி வரிசையில் நின்றுகொண்டு தாலி கட்டுவதை எடுத்தார். படத்தில் மஞ்சள் நிறத்தில் ஏதோ தெரிகிறது. தாலிக் கயிறு என்கிறார் அவர். சாமந்தி மாலை என்கிறார் அத்தை.

ஒரு விஷயத்தில் அவருடைய புத்தியை மெச்சத்தான் வேண்டும். தனி லித்தியம் பேட்டரி போட்ட கேமராக்களை ஒதுக்கிவிட்டு, சுவர்க் கடிகாரத்துக்குப் போடுகிற சின்ன பேட்டரிக் கட்டையில் ஓடுவதாகப் பார்த்து வாங்கினார். 2012 மின்வெட்டில் ஊரே இருட்டில் கிடந்தபோது, கோயம்புத்தூர் மாப்பிள்ளையின் விலை உயர்ந்த கேமரா சார்ஜ் இல்லாமல் பெட்டியில் தூங்கியது. மாமா பெட்டிக்கடையில் இரண்டு கட்டை வாங்கிப் போட்டு வளைகாப்பை எடுத்தார். கடைக்கட்டை ஏழெட்டு ஃப்ளாஷுக்கு மேல் தாங்காது என்பது அப்புறம் தெரிந்தது. கடைசியில் வீட்டுக் கடிகாரத்திலிருந்தே கழற்றிப் போட்டார்கள். வளைகாப்பு எத்தனை மணிக்கு முடிந்தது என்பதற்கு இன்றைக்கும் சாட்சி இல்லை.

படம் எடுக்கிற சடங்கைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். முதலில் வேட்டி நுனியால் லென்ஸைத் துடைப்பார். பொத்தானை அழுத்துவார். கேமரா ஒரு சின்ன மணியோசை எழுப்பி லென்ஸை நீட்டும். அந்த ஓசை கேட்டதும் அவர் முகத்தில் ஒரு மலர்ச்சி. மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கேமராவைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடிப்பார். வெயிலில் திரையில் ஒன்றும் தெரியாது. இடது கையால் அதற்கு நிழல் கட்டுவார். "கொஞ்சம் ஒட்டி நில்லுங்க. அண்ணி, நீங்க சண்டையில இருக்கறது எனக்கும் தெரியும். இருந்தாலும் ஒட்டி நில்லுங்க." பொத்தானைப் பாதி அழுத்திப் பச்சைக் கட்டத்துக்குக் காத்திருப்பார். கட்டம் எப்போதும் முகங்களை விட்டுவிட்டுப் பின்னால் இருக்கும் வாழை மரத்தில் போய் நிற்கும். மறுபடியும் பாதி.

அப்புறம் ஃப்ளாஷ். லென்ஸை ஒட்டியே ஃப்ளாஷ் இருப்பதால் வெளிச்சம் கண்ணுக்குள் போய், விழித்திரையின் சிவப்பை வாரிக்கொண்டு நேரே திரும்பி வரும். அதைத் தடுக்க, முதலில் ஒருமுறை மின்னிக் கண்மணியைச் சுருங்க வைத்து, பிறகு நிஜமாக எடுப்பதற்கு ஓர் ஏற்பாடு உண்டு. மாமா அதை அணைத்ததே இல்லை. முதல் மின்னல் வந்ததும் கூட்டம் "ஆச்சு" என்று கலையும். இரண்டாவது மின்னலில்தான் படம். அவருடைய குரூப் போட்டோ எல்லாவற்றிலும் பாதிப் பேர் முதுகைக் காட்டிக்கொண்டு பந்தியை நோக்கி நடக்கிறார்கள். யாருடைய கண்ணும் சிவப்பாக இல்லை என்பதை அவர் சுட்டிக்காட்டுவார்.

சிரித்தால் தானாகவே படம் எடுக்கிற வசதியை 2007இல் சோனி கொண்டுவந்தது. பிறகு மற்றவர்களும் சேர்த்துக்கொண்டார்கள். மாமா கேமராவிலும் இருந்தது. கீரனூர்ப் பெரியவர்கள் போட்டோவுக்குச் சிரிக்கிற ஜாதி இல்லை என்பதை அந்தக் கேமரா செய்தவர்கள் யோசித்திருக்க மாட்டார்கள்.

"பெரியப்பா, கொஞ்சம் சிரிங்க."

"எதுக்குடா?"

"கேமரா கேக்குது."

"அதுக்கும் எனக்கும் என்னடா பேச்சு?"

கேமரா காத்திருந்தது. மாமா காத்திருந்தார். பெரியப்பா கைத்தடியை ஊன்றிக்கொண்டு முறைத்தபடி இருந்தார். கடைசியில் பின்னால் போன ஒரு பொடியன் சிரித்துத் தொலைக்க, அந்த முகம் பளிச்சென்று பதிவாகி, பெரியப்பா மங்கலாக விழுந்தார்.

1975இல் கோடக் கம்பெனியில் ஸ்டீவன் சாசன் செய்த முதல் டிஜிட்டல் கேமரா, ஒரு படத்தைக் கேசட்டில் ஏற்ற 23 விநாடி எடுத்துக்கொண்டதாம். அதன் அளவே 0.01 மெகா பிக்ஸல்தான். பிக்ஸல் ஏறிவிட்டது, அந்த நேரக் கணக்கை மட்டும் மாமா குறையவிடாமல் காப்பாற்றி வருகிறார். எனக்கு நெடுநாளாக ஒரு சந்தேகம். அவருக்குப் படம் முக்கியமே இல்லை. மாமியார், நாத்தனார், பேச்சு வார்த்தை இல்லாத பங்காளி எல்லாரையும் அவர் சொன்ன இடத்தில், சொன்ன வரிசையில், மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க வைக்கிற அந்த அரை நிமிஷம்தான் முக்கியம். ஊர்ப் பஞ்சாயத்தால் ஆகாத காரியம் அது.

எடுத்த படம் எங்கே போகும் என்பது யாருக்கும் தெரியாது. "காப்பி பண்ணித் தர்றேன்" என்பார். வருஷம் கழித்துக் கேட்டால் "கம்ப்யூட்டர்ல பத்திரமா இருக்கு" என்பார். பார்த்தவர்கள் சொல்வது, எல்லாப் படத்தின் வலது மூலையிலும் ஆரஞ்சு நிறத்தில் 01.01.2008 என்று தேதி விழுந்திருக்கிறது என்பதுதான். கட்டையைக் கழற்றிக் கொஞ்ச நாள் வைத்தால் கேமரா தேதியை மறந்து ஆரம்பத்துக்குப் போய்விடும். அவர் திரும்ப வைக்கவே இல்லை. ஆகவே அண்ணன் மகளின் மொட்டை, காதுகுத்து, சடங்கு எல்லாம் ஒரே நாளில் முடிந்திருக்கின்றன.

ஆனால் வீட்டில் ஒருவர் தவறிவிட்டால் எல்லாரும் ஓடுவது மாமாவிடம்தான். கண்ணீர் அஞ்சலி பிளக்ஸுக்கு ஒரு நல்ல முகம் வேண்டும். அவர் கம்ப்யூட்டரைத் திறந்து, ஏதோ ஒரு கல்யாணத்துக் குரூப்பிலிருந்து அந்த ஒருவரை மட்டும் வெட்டி எடுப்பார். தோள் மேல் யாருடைய கையோ பாதி விரலோடு நிற்கும். அன்றைக்குத்தான் அந்தப் பன்னிரண்டு மெகா பிக்ஸலும் வேலை செய்யும். இதனால் ஊர்க் கிழவிகளிடையே ஒரு முன்னெச்சரிக்கை ஏற்பட்டுவிட்டது. குரூப்பில் நெருக்கி அடித்துக்கொண்டு நிற்பார்கள். "அப்பத்தா, உங்கள மட்டும் தனியா ஒண்ணு" என்றால், "நான் இன்னும் கொஞ்ச நாளு இருக்கேன்டா" என்று சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொள்வார்கள்.

இதற்கிடையே உலகம் மாறிவிட்டது. ஜப்பான் கேமராத் தொழில் சங்கக் கணக்குப்படி 2010இல் மட்டும் 12 கோடிக்கு மேல் டிஜிட்டல் கேமராக்கள் கடைகளுக்குப் போயின. பெரும்பகுதி மாமாவுடையதைப் போன்ற சின்னக் கேமராக்கள். 2023இல் அந்தச் சின்ன வகை 20 லட்சத்தைக்கூடத் தொடவில்லை. செல்போன் அதை விழுங்கிவிட்டது. மாமா அசரவில்லை. 2023 அக்டோபர் 1 முதல் பழனி மலைக்கோயிலுக்குச் செல்போனும் கேமராவும் கொண்டுபோகக் கூடாது என்றானபோது, ஊரில் எல்லாரும் முணுமுணுத்தார்கள். அவர் மட்டும் மகிழ்ந்தார். தடை உத்தரவில் கேமராவையும் தனியாகச் சொல்லியிருந்தார்களே! அடிவாரத்தில் எல்லாரும் செல்போனைக் கொடுத்துச் சீட்டு வாங்க, இவர் கயிற்றோடு கேமராவை நீட்டினார். கவுன்டரில் இருந்த பையன் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இது என்னங்க சார்?" என்றான். தரிசனம் நன்றாக இருந்ததா என்று கேட்டால் மாமா இந்தக் கதையைத்தான் சொல்கிறார். இறங்கி வந்து கேமராவைத் திரும்ப வாங்கிய கையோடு, இரவில் விளக்குகளோடு மின்னும் மலையை ஃப்ளாஷ் போட்டு எடுத்தார். அந்த ஃப்ளாஷ் மூன்று நான்கு மீட்டருக்கு மேல் போகாது. முன்னால் நின்ற பஞ்சாமிர்தக் கடைப் பலகை நன்றாக விழுந்திருக்கிறது.

சென்ற முறை ஊருக்குப் போனபோது கோயம்புத்தூரில் கல்லூரியில் படிக்கிற அவருடைய அண்ணன் மகள் வந்திருந்தாள். "சித்தப்பா, அந்தப் பழைய டிஜிட்டல் கேமரா இன்னும் இருக்கா? ஹாஸ்டல்ல எல்லாரும் அதைத்தான் தேடுறாங்க" என்றாள். மாமா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து மெகா பிக்ஸலில் தொடங்கினார். அவள் அதற்குள் கேமராவை வாங்கி, கையை நீட்டித் தன் முகத்துக்கு நேரே ஃப்ளாஷ் அடித்தாள். மூக்கு வெள்ளையாகக் கரைந்து, பின்புறம் முழுக்க இருட்டாக, லேசாக ஆடிய ஒரு படம்.

"ஓவரா வெளிச்சம் விழுந்துருச்சும்மா. ஆடவும் செஞ்சிருக்கு. அழிச்சிட்டு நானே ஒழுங்கா எடுக்கிறேன்."

"ஐயோ சித்தப்பா, அழிச்சிராதீங்க! இந்த லுக்குதான் வேணும்."

மாமா எங்களைப் பார்த்தார். இத்தனை வருஷமாக எந்தெந்தப் படங்களுக்காகத் திட்டு வாங்கினாரோ, எவற்றை ராத்திரியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அழித்தாரோ, அத்தனையும் அவர் கண் முன்னால் போயிருக்க வேண்டும். "இப்ப சொல்லு" என்று உள்பக்கம் திரும்பி அத்தையிடம் கத்தினார். அத்தை பதில் சொல்லவில்லை, மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது.

"மூலையில இந்தத் தேதி சூப்பரா இருக்கு சித்தப்பா. 2008! அப்படியே விட்டுருங்க."

இதற்கு மட்டும் அவர் இறங்கி வரவில்லை. தப்பான தேதியோடு தன் கேமரா கோயம்புத்தூருக்குப் போய்த் தன் மானத்தை வாங்குவதை அவரால் ஒப்புக்கொள்ள முடியாதாம். இத்தனை காலம் தேதி தப்பு என்று ஊரே சொன்னபோது காது கேட்காத மனிதர், அன்று சாயங்காலம் பரணில் ஏறி மேனுவலைத் தேடத் தொடங்கினார். கிடைத்தது. ஜப்பான், சீன பாஷை உட்பட என்னென்னவோ மொழியில் இருந்தது. அவள் ராத்திரி பஸ்ஸைப் பிடிக்கிறவரைக்கும் பக்கம் பக்கமாகப் புரட்டிக்கொண்டிருந்தார். கேமரா அவர் மடியிலேயே இருந்தது.