ரவுட்டர் மாமா

நெட்டு முழுசாகப் போய்விட்டால் ஒரு சிக்கலும் இல்லை. 2018 நவம்பரில் கஜா புயல் வந்து கம்பம், மரம், கூரை எல்லாவற்றையும் படுக்கப் போட்டபோது கீழ்வேளூரில் யாராவது வைஃபை வரவில்லை என்று புலம்பினார்களா? குடிதண்ணீருக்கும் மெழுகுவத்திக்கும் அலைந்தோம், அவ்வளவுதான். ஒன்றரை நிமிடம் போய், நாம் செருப்பை மாட்டிக்கொண்டு கேபிள்காரரைத் தேடிக் கிளம்புவதற்குள் திரும்பி வந்துவிடுகிற நெட்டு இருக்கிறதே, அதுதான் மனுஷனைக் கிறுக்காக்குவது. கேபிள்காரர் அதைப் பழுது என்றே ஒத்துக்கொள்ள மாட்டார். அவர் வரும் நேரத்தில் எல்லா விளக்கும் பச்சையாக எரியும். "நல்லாத்தானே இருக்கு?" என்று வண்டியை எடுத்துவிடுவார். யாருக்கும் சொந்தமில்லாத அந்த ஒன்றரை நிமிடத்தைத் தன் பேருக்குப் பட்டா போட்டு வைத்திருப்பவர்தான் ரவுட்டர் மாமா.

தெருவுக்கு ஒருவர் உண்டு. வயது அறுபதைத் தாண்டியிருக்கும், பென்ஷன் முதல் தேதி வந்துவிடும், மதியத் தூக்கம் பிடிக்காது. எங்கள் தெரு மாமா பொதுப்பணித் துறையில் லஸ்கராக இருந்தவர். காலமெல்லாம் மதகை ஏற்றி இறக்கிய கை சும்மா இருக்குமா? மகனும் மருமகளும் ஊரிலிருந்தபடியே சென்னைக் கம்பெனிக்கு வேலை பார்க்கிறார்கள் என்று வீட்டுக்கு ஃபைபர் வந்தது. அன்றோடு மாமா மறுபடியும் பணியில் சேர்ந்துவிட்டார். சட்டைப் பையில் டெஸ்டர். அதன் மேல் மூக்குக் கண்ணாடி. "விட்டு விட்டு வருது மாமா" என்று எந்த வீட்டுத் திண்ணையிலிருந்து முனகல் கேட்டாலும் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு வந்து நிற்பார்.

வந்ததும் பெட்டியைத் தொட மாட்டார். விசாரணைதான் முதலில். "போனப்ப எந்த லைட்டு எரிஞ்சுச்சு? செவப்பா? மினுக்குச்சா? இல்ல, எல்லாமே ஒருவாட்டி அணைஞ்சு எரிஞ்சுச்சா?" கேள்வி நல்ல கேள்வி. எல்ஓஎஸ் என்று போட்டிருக்கும் இடத்தில் சிவப்பு வந்தால் ஃபைபர் வழியாக வெளிச்சம் வரவில்லை என்று பொருள். எல்லா விளக்கும் ஒருசேர அணைந்து எரிந்தால் கோளாறு கரண்டுப் பக்கம். ஒரு விளக்கும் மாறாமல் போன் மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தால் வைஃபை பக்கம். ஆனால் நெட்டு போகும்போது பெட்டியைப் பார்க்கிற ஜனம் உலகத்தில் உண்டா? எல்லோரும் போனைத்தான் உதறுகிறோம்.

பதில் வராததால் மாமா சிகிச்சைக்குப் போவார். அணைத்து, முப்பது எண்ணிப் போடுவது. எண்ணுவதை வாய்விட்டு எண்ணுவார். வீட்டுப் பிள்ளைகள் இருபதுக்கு மேல் சேர்ந்துகொள்ளும். பெட்டி திரும்ப எழுந்திருக்க இன்னும் இரண்டு நிமிடம் ஆகும். ஒன்றரை நிமிட வியாதிக்கு இரண்டரை நிமிட வைத்தியம் என்று யாரும் அவர் முகத்துக்கு நேரே சொன்னதில்லை.

கிண்டலை நிறுத்திவிட்டு ஒன்று சொல்ல வேண்டும். மனுஷனுக்கு விஷயம் தெரியும். பையனின் லேப்டாப்பில் இரண்டு கறுப்பு ஜன்னலைத் திறக்கச் சொல்வார். ஒன்றில் 192.168.1.1-க்குப் பிங், இன்னொன்றில் 8.8.8.8-க்கு. இரண்டும் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். "இந்தா பாரு தம்பி, ஒரு கூப்பாடு வீட்டுப் பொட்டிக்கு, ஒரு கூப்பாடு வெளியூருக்கு. ரெண்டும் நின்னா நம்ம கொல்லை வாய்க்கால்லயே ஒடைப்பு. வெளியூரு மட்டும் நின்னா ஒடைப்பு ஆத்துல. அப்பறம் கேபிள்காரவொள புடிச்சிக்கலாம்." கடைமடைக்காரருக்கு இதை யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. மேட்டூரை ஜூன் 12-ல் திறந்தாலும் ஓடம்போக்கி ஆற்றில் தண்ணீர் தலை காட்டாவிட்டால், எந்த மதகு வரைக்கும் வந்தது, எங்கே நின்றது என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே மேலே போனவர் அவர். 1983 டிசம்பரில் அமெரிக்க ராணுவ ஆய்வுக்கூடம் ஒன்றில் வலைப்பின்னல் ஏறுக்குமாறாக நடந்துகொண்டபோது மைக் மூஸ் என்பவர் ஒரே இரவில் பிங்கை எழுதினார். எழுதியதும் இதே துப்புத் துலக்கத்தான்.

மாமிக்கு மட்டும் அந்த முறையில் ஓர் ஆட்சேபணை. "எட்டு சனியோட நம்பரு. அதையே நாலு தடவ போட்டா நெட்டு எப்படி நிக்கும்? பக்கத்துலதான் திருநள்ளாறு, போயி ஒரு எள் தீபம் போட்டுட்டு வாங்க." 2009 டிசம்பரில் அந்த முகவரியைத் திறந்த கூகுள்காரர்கள் திருநள்ளாற்றை யோசித்திருக்க மாட்டார்கள். மாமா வீட்டில் சண்டை வேண்டாம் என்று 1.1.1.1-க்கு மாறிவிட்டார். ஒன்று சூரியனுக்கு உரியது. அந்தப் புது முகவரி 2018 ஏப்ரல் முதல் தேதி, முட்டாள்கள் தினத்தில், வெளிவந்தது என்பதை மாமியிடம் சொல்லவில்லை.

தை, மாசியில் மாமாவுக்கு ஓய்வே கிடையாது. சம்பா அறுவடை முடிந்து, வைக்கோல் கட்டுகளை அண்ணாந்து பார்க்கிற உயரத்துக்கு ஏற்றிக்கொண்டு லாரிகள் போகும். குறுக்கே தொங்கும் ஃபைபர் ஒன்றிரண்டை இழுத்துக்கொண்டுதான் போகும். அறுந்துவிட்டால் நல்லது, உடனே ஒட்டுப்போட ஆள் வந்துவிடும். அறாமல் கொக்கியில் மடிந்து நிற்பதுதான் கேடு. மடிந்த இடத்தில் வெளிச்சம் கசியும், காற்றடித்தால் வரும், நின்றால் போகும். கேபிள்காரர் மீட்டரைச் சொருகி, "மைனஸ் 27 காட்டுது" என்பார். மைனஸ் 20, 22 என்றால் சுகம். 27 என்றால் பெட்டிக்கு மூச்சு முட்டுகிறது என்று அர்த்தம். எதிர்வீட்டு அக்கா கேட்டார்: "மைனஸ்னா என்னாங்க, நாமதான் பாக்கி தரணுமா?" மாமா அரைமணி நேரம் விளக்கினார். கடைசியில் அக்கா உள்ளே போய்ப் பணம் எடுத்துக்கொண்டு வந்தார்.

ஊருக்கெல்லாம் வைத்தியம் பார்த்தவர் வீட்டிலேயே அந்த ஒன்றரை நிமிடம் நெடுநாள் தீரவில்லை. அடாப்டரை மாற்றினார். சேனலை 6-லிருந்து 11-க்கு மாற்றினார். மிக்சியைச் சந்தேகப்பட்டு, சட்னியை அம்மியில் அரைக்கச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டார். கடைசியில் கைகொடுத்தது பழைய உத்தியோகம். நீர்மட்டம் எழுதிய பழக்கத்தில் ஒரு நாற்பது பக்க நோட்டுப் போட்டார்.

"காலை 6.10 – போனது. 6.12 – வந்தது. பால்காரர் மணி அடித்தார். அடுத்த வீட்டில் மோட்டார் போட்டார்கள்."

"மாலை 5.40 – போனது. மழை இல்லை. மோட்டார்."

பால்காரர், காகம், மருமகளின் தும்மல் எல்லாம் வந்து வந்து போயின. மோட்டார் மட்டும் எல்லாப் பதிவிலும் நின்றது. அதைப் போட்டதும் வோல்டேஜ் ஒரு கணம் இறங்கும். உடனே வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரிக்குத் தாவும். அந்தத் தாவல் மின்விசிறிக்குத் தெரியாது, டியூப்லைட் ஒரு சிமிட்டுச் சிமிட்டும், ரவுட்டர் அணைந்து மறுபடி எழுந்திருக்கும். விளக்கெல்லாம் ஒருசேர அணைந்து எரிகிற கேஸ்தான் அது. தெருவெல்லாம் "எந்த லைட்டு?" என்று கேட்டவர் வீட்டுப் பெட்டி மட்டும் பூஜை அலமாரியில் முருகன் படத்துக்குப் பின்னால் இருந்தது. ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டு காற்றுத் துளைகளில் இரண்டை அடைத்துக்கொண்டு காய்ந்திருந்தது. அதன் விளக்கை முருகன்தான் பார்த்திருக்க வேண்டும்.

இன்வெர்ட்டரில் யுபிஎஸ் மோடு என்று ஒரு சுவிட்ச் இருக்கிறது. அதற்கு மாற்றினால் தாவல் வேகமாகிவிடும், ரவுட்டருக்குத் தெரியாது. மாமா மாற்றினார். போதாதென்று 12 வோல்ட் சின்ன யுபிஎஸ் ஒன்றும் வாங்கி மாட்டினார். அதற்கப்புறம் மோட்டார் ஓடியது, மழை பெய்தது, கரண்டு போய்ப் போய் வந்தது. நெட்டு அசையவில்லை. நோட்டில் பக்கம் பக்கமாக வெள்ளை. மாமாவுக்குச் சோறு இறங்கவில்லை.

இப்போது தினமும் மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு பெட்டியைக் கொஞ்ச நேரம் அணைத்து வைக்கிறார். "நாள் பூரா ஓடுது, அதுக்கும் சூடு தணிய வேணாமா?" என்கிறார். மருமகளுக்கு அப்போதுதான் ஆபீஸ் மீட்டிங். நோட்டில் மறுபடியும் பதிவுகள் விழத் தொடங்கியிருக்கின்றன, கையெழுத்து மட்டும் வேறு:

"மதியம் 2.00 – போனது. 2.20 – வந்தது. காரணம்: மாமா."